ஆடியில் திறந்த பிரிண்டர்

பிரிண்டர் எது வாங்கலாம் என்று கேட்டு இனிமேல் யாரும் எனக்கு போன் போட வேண்டாம். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. "அண்ணாச்சி, வீட்டுலயே ஆபீஸ் போடுதேன், நல்ல மெஷினா ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். சரி, என்ன அடிக்கப் போகிறாய், கலர் வேணுமா கறுப்பு போதுமா, தினமும் ஓடுமா, இல்லை வாரக்கணக்கில் சும்மா கிடக்குமா என்று நான் கேட்பேன். அதை விட்டுவிட்டு, "இல்ல அண்ணாச்சி, ஆஃபர்ல ஒண்ணு பாத்தேன், அயர்ன் பாக்ஸ் ஃப்ரீயாம்" என்று இழுப்பார்கள். அயர்ன் பாக்ஸ் வாங்கப் போகிறவனுக்கு என் யோசனை எதற்கு?

தென்காசியில் ஒரு பிரிண்டர் ஷோரூமில், அதன் சர்வீஸ் பிரிவில், மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே இப்போது வேலை பார்க்கிற தம்பி ஒருவன் போன மாதம் வீட்டுக்கு வந்து, புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்றான். வீட்டு ஆபீசுக்கு மெஷினும் மையும் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ரெண்டு பக்கம் போதுமாம். முடியாது என்றுதான் சொல்ல இருந்தேன். ஆனால் அவனைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பழைய ஷோரூம் வாசலில் ஆடித் தள்ளுபடி போர்டு தொங்குவதைப் பார்த்தேன். "இந்த மாதமே வீட்டுக்கு வந்து இன்ஸ்டலேஷன்" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அதனால் எழுதுகிறேன். ரெண்டு பக்கத்தில் அடங்காது.

நான் தொழிலுக்கு வந்தது ரிப்பன் போட்டு அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் மெஷின் காலத்தில். திருநெல்வேலியில் ஒரு கடையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கப் பழகி, திட்டு வாங்கி, தென்காசிக்கு வந்து சேர்ந்தேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடைகளுக்குத்தான் அதிகம் போவேன். பில் அடிக்கிற மெஷினைத் திறந்தால் உள்ளே வெங்காயச் சருகு குவிந்திருக்கும், ரிப்பன் நார் நாராகக் கிழிந்து தொங்கும். அப்படியும் அந்தச் சவம் கர்ர் கர்ரென்று அடித்துக்கொண்டேதான் இருக்கும். ஊதிவிட்டு, தட்டிவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடுத்த வருஷம் வரை கூப்பிட மாட்டார்கள். எந்தக் கடையில் வாங்கிய ரிப்பனையும் அது ஏற்றுக்கொள்ளும்.

பிறகு மை தெளிக்கிற மெஷின் வந்தது. கூடவே, உன் மையை எங்கே வாங்கினாய் என்று கேட்கிற மெஷினும் வந்தது. மைக் குப்பிக்குள் சின்னதாக ஒரு சிப்பை ஒட்டி வைத்து, உள்ளே மை பாதி கிடக்கும்போதே தீர்ந்துபோச்சு என்று பொய் சொல்ல வைத்தார்கள். வேறு குப்பி போட்டால் ஓடாது. மெஷினைச் சும்மா கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டு மையில் தோலை உரிக்கிற இந்த வியாபாரத்தை எவன் கண்டுபிடித்தானோ, அவன் நல்லா இருக்க மாட்டான். இப்போது மை டேங்க் வைத்த மெஷின் வந்து அந்தக் கொள்ளை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் அதற்கென்று தனி வியாதி இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

கேட்கிறார்களே, அதற்குப் பதிலை முதலில் முடித்துவிடுகிறேன். எழுத்து வேலை மட்டும்தான், மனு, பத்திரம், பில் என்றால் கறுப்பு லேசர் வாங்கு. அதில் இருப்பது தூள், காயாது. ஆறு மாதம் மூடி வைத்துவிட்டுத் திறந்தாலும் முதல் தாளே பளிச்சென்று வரும். பிள்ளைகளின் படம், கலர் நோட்டீஸ் என்று தினமும் எதையாவது அடிப்பவன் என்றால் மை டேங்க் வாங்கு. வாரத்துக்கு ரெண்டு தாளாவது எல்லாக் கலரிலும் அடித்துவிடு. அந்த மெஷினுக்கு என்ன மை சொல்லியிருக்கிறதோ அதை மட்டும் ஊற்று. ஒன்று பாதி இருக்கும்போதே இன்னொன்றைக் கலக்காதே. மலிவாகக் கிடைக்கிறதென்று வருஷத்துக்குச் சேர்த்து வாங்கி அலமாரியில் அடுக்காதே, மைக்கும் தேதி உண்டு. கோர்ட்டுக்குப் போகிற தாள் என்றால், அடித்துக் காய்ந்தபின் ஈர விரலால் எழுத்தைத் தேய்த்துப் பார். இழுபடுகிற மை அந்த வேலைக்கு ஆகாது. சாரல் காலத்தில் தாள் கட்டைப் பிரித்துப் போடாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டி வை, இல்லாவிட்டால் ஈரம் ஏறி நாலு தாளைச் சேர்த்து இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, மெஷினில் இருக்கிற பட்டனை அமுக்கித்தான் அணைக்க வேண்டும். சுவரில் இருக்கிற சுவிட்சைத் தட்டி அணைக்காதே. தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒருத்தரும் கேட்டதில்லை.

பண்பொழியில் ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை மகனைப் பார்க்கப் போகும் ரயில் டிக்கெட்டை அடிப்பதற்காகக் கலர் பிரிண்டர் வாங்கி, துண்டு போர்த்தி, பட்டுப்புடவை மாதிரி பத்திரமாக வைத்திருந்தார். ஒவ்வொரு முறை அடிக்கப் போகும்போதும் மை காய்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் என்னமோ பண்ணிவிட்டுப் போகிறீர்கள் என்று விசாரணை வைப்பார். கடைசியில் நான் சொன்னேன், ஐயா, உங்களுக்கு மெஷினே வேண்டாம், டிக்கெட்டைப் போனிலேயே காட்டலாம், தாள்தான் வேணுமென்றால் செங்கோட்டைக்குப் போய் ஒரு கடையில் அடித்துக்கொள்ளுங்கள் என்று. அவர் நேரே எங்கள் மேனேஜருக்கு போன் போட்டு, உங்கள் ஆள் வியாபாரத்தைக் கெடுக்கிறான் என்று புகார் சொல்லிவிட்டார்.

அந்த மேனேஜரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ரகுராமன் என்று பெயர். சத்தம் போட மாட்டார். திட்டினார் என்று யாராலும் சொல்ல முடியாது. கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்து, அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டார். அப்புறம், "பிரதர்" என்று தொடங்குவார். எனக்கு அவரைவிட எத்தனையோ வயசு கூட. எல்லோரும் பிரதர், வாங்க வருகிற பெண்கள் எல்லோரும் சிஸ்டர். போலீஸ்காரர் விஷயத்தில் அவர் சொன்னது, "பிரதர், மெஷின் வேண்டாம்னு சொல்றதுக்கா கம்பெனி உங்களுக்குப் பெட்ரோல் போடுது?" என்பது மட்டும்தான். அந்த ஒரு வரிக்காக அரை மணி நேரம் உட்கார வைத்திருந்தார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எதையும் எழுத மாட்டார். மெயில் கிடையாது, மெசேஜ் கிடையாது. எல்லா உத்தரவும் வாயால்தான். நல்லது நடந்தால் அவர் சொன்னது. கெட்டது நடந்தால் அப்படி நான் எப்போது சொன்னேன் பிரதர் என்பார். அவருடைய அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் விற்றது எத்தனை, இன்ஸ்டால் ஆனது எத்தனை என்று ரெண்டு எண்கள். மெஷினை விற்றால் மட்டும் பத்தாது. அதைத் திறந்து, மை ஏற்றி, வாங்கியவர் போனுக்கு வருகிற எண்ணை வாங்கிப் பதிவு பண்ணினால்தான் கம்பெனி அதைக் கணக்கில் சேர்க்கும். மாதக் கடைசியில் அந்த ரெண்டு எண்ணும் ஒன்றாக வேண்டும். அவருக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை.

மற்ற மாதங்களில் இதனால் பெரிய கேடு ஒன்றும் வராது. ஆடியில்தான் வரும். நம் ஊர்க்காரர்கள் தள்ளுபடி இருக்கிறதென்று ஆடியில் வாங்குவார்கள், ஆடியில் எதையும் தொடங்கக் கூடாதென்று ஆவணிவரை தொட மாட்டார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. சீல் உடைக்காத பெட்டிக்குள் மெஷின் எத்தனை மாதம் கிடந்தாலும் கெடாது. எனக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான், ஆனால் வீடு அவர்களுடையது, காசு அவர்களுடையது. பெட்டியை மூலையில் வைத்து, மேலே ஒரு மஞ்சள் துணியைப் போட்டு, ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கூப்பிட்டால் போய்த் திறந்துகொடுப்பதுதான் என் வழக்கம்.

ரகுராமன் வந்த பிறகு அந்த வழக்கம் போச்சு. ஆடியிலேயே திற, மையை ஏற்று, பிள்ளையார் சுழி போட்டு ஒரு தாள் அடி, எண்ணை வாங்கிப் பதிவு பண்ணு, வந்துவிடு. வீட்டுக்காரர்கள் அந்தச் சாமித் தாளைப் பூஜை அறையில் வைத்துவிட்டு ஆவணிவரை மெஷின் பக்கமே போக மாட்டார்கள். மை ஏறின மெஷின் ஒரு மாதத்துக்கு மேலே அசையாமல் கிடந்தால் என்ன ஆகும்? ஆவணியில் தாள் முழுக்கக் கோடு கோடாக வரும். அப்போது கம்பெனி சொல்லும், உபயோகப்படுத்தாமல் காயவிட்டது வாடிக்கையாளர் தவறு, வாரன்டி கிடையாது. என்ன நியாயம் இது? நீயே திறந்து ஊற்றிவிட்டு நீயே காயவிட்டாய் என்பதா?

அப்படி ஒரு ஆடியில்தான் கோமதி வந்தாள். மேலகரத்துக்காரி. கோர்ட் பக்கத்தில் ஒரு டிடிபி கடையில் வருஷக்கணக்காக வக்கீல்களுக்கு மனு அடித்துக்கொடுத்தவள். ஒரு கமா தப்பாமல் அடிப்பாள் என்று வக்கீல்கள் அவளைத் தேடி வருவார்கள், பெயர் மட்டும் கடைக்காரருக்கு. அவர் வாய் ரொம்ப மோசம். வக்கீல்கள் முன்னாலேயே ஏட்டி, கோட்டி என்று பேசுவார். ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் தாமதமாக வந்ததற்கு, நாலு பேர் பார்க்க அவள் சாப்பாட்டுப் பையைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு போனவள்தான், திரும்பிப் போகவில்லை. வீட்டிலேயே சொந்தமாக அடிப்பது என்று முடிவு பண்ணிவிட்டாள். ஒரு வக்கீல் மட்டும், ஆவணி பிறந்ததும் என் கேஸ் கட்டுகளை உன்னிடம் தருகிறேன், ஒரு மாதம் பார்ப்பேன், சரியாக வந்தால் தொடர்ந்து தருகிறேன் என்று சொல்லியிருந்தார். இது தவறினால் மறுபடி அந்தக் கடைக்காரர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவள் நிலைமை அவ்வளவுதான்.

அவள் ஷோரூமுக்கு வந்த அன்று நான் பண்பொழியில் இருந்தேன். கறுப்பு லேசர் வேணும் என்றுதான் கேட்டிருக்கிறாள். அவளுக்கு என்ன தேவை என்று அவளுக்குத் தெரியும். ரகுராமன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சிஸ்டர், வீட்டில் தொழில் என்றால் கலரும் வரும், ஆடி ஆஃபரில் இதற்குத்தான் குக்கர் ஃப்ரீ என்று சொல்லி, மை டேங்க் மெஷினைத் தலையில் கட்டிவிட்டார். லேசர் ஸ்டாக் இல்லை என்று வேறு சொல்லியிருக்கிறார். குடோனில் மூன்று பெட்டி இருந்தது எனக்குத் தெரியும்.

மறுநாள் இன்ஸ்டலேஷனுக்கு நான் போனேன். சீசன் கூட்டம், குற்றாலம் ரோட்டில் வேன்கள் வரிசையாக நிற்க, மேலகரத்துக்கு நடந்து போயிருந்தால் சீக்கிரம் போயிருப்பேன். கோமதி வீட்டில் முன்னறையை ஒழித்து, மேஜை போட்டு, சுவருக்கு வெள்ளை அடித்து வைத்திருந்தாள். பெட்டி மூலையில் இருந்தது. "அண்ணாச்சி, இப்ப திறக்க வேண்டாம். ஆவணி பொறந்ததும் சொல்லுதேன், அப்ப வந்து போட்டுத் தாங்க" என்றாள். ரொம்ப சரி என்றேன். உனக்கு இந்த மெஷின் தோதுப்படாது, லேசருக்கு மாற்றித் தரச் சொல்லிப் பார்க்கிறேன், அதுவரை சீலை யார் வந்தாலும் உடைக்க விடாதே என்றும் சொன்னேன்.

சொல்லிக்கொண்டு தெருவுக்கு வந்ததும் ரகுராமன் போன் பண்ணினார். முடிந்ததா பிரதர் என்றார். அந்தம்மா ஆவணியில்தான் வேணும் என்கிறது என்றேன். "அவங்க என்ன சொன்னாலும் இன்னைக்கே போட்டுருங்க பிரதர். கணக்கு மூடணும். அதுக்கப்புறம் ஓடுறதும் ஓடாததும் அவங்க பாடு" என்றார். முடியாது சார் என்றேன். போனை வைத்துவிட்டார். அந்த வார்த்தையைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

அடுத்த நாள் என்னைச் சங்கரன்கோவில் பக்கம் அனுப்பிவிட்டு, ஆறுமுகம் என்கிற இன்னொரு மெக்கானிக்கை மேலகரத்துக்கு அனுப்பியிருக்கிறார். ஆறுமுகம் நல்லவன்தான், ஆனால் சொன்னதைச் செய்கிறவன். திறக்காவிட்டால் வாரன்டி போய்விடும் என்று அவளிடம் சொல்லச் சொல்லியிருக்கிறார், சொன்னான். அவள் பயந்துபோய்த் திறக்க விட்டுவிட்டாள். மை ஏற்றி, பிள்ளையார் சுழியோடு ஒரு தாள் அடித்து, எண்ணை வாங்கி, தாள் வெளியே வந்த கையோடு சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டான். அவனுக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மை தெளிக்கிற பாகத்துக்கு ஹெட் என்று பெயர். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். மெஷினின் பட்டனை அமுக்கி அணைத்தால் அது தானாக ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளும். சுவிட்சைத் தட்டினால் நின்ற இடத்திலேயே வாயைத் திறந்தபடி நிற்கும். சாரல் காலத்தில் எப்படிக் காயும் என்று கேட்பார்கள். திறந்த வாய் எந்தக் காலத்திலும் காயும். அதிலும் கறுப்பு மை இருக்கிறதே, அது காய்ந்தால் தார் மாதிரி இறுகிவிடும். கோமதிக்கு வேண்டியது அந்தக் கறுப்பு ஒன்றுதான்.

ஆவணி பிறந்தது. வக்கீல் சொன்ன சொல் தவறாமல் முதல் கட்டை அனுப்பினார். மறுநாள் கோர்ட்டில் வைக்க வேண்டிய மனு. கோமதி மெஷினைப் போட்டாள். கலர் எல்லாம் வந்தது. கறுப்பு மட்டும் பாதி எழுத்து இருந்தால் பாதி எழுத்து இல்லை. எனக்கு போன் பண்ணினாள். அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போய்ப் பார்த்தேன். முதலில் சோதனைத் தாள் அடித்தேன். கறுப்புக் கட்டத்தில் படிக்கட்டு இடிந்து கிடக்கிற மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஹெட்டைச் சுத்தம் பண்ணுகிற வேலையை மெஷினே செய்யும், அதை ஓடவிட்டேன். மறுபடி சோதனைத் தாள், மறுபடி சுத்தம். இதை அளவுக்கு மேல் செய்யக் கூடாது. ஒவ்வொரு தடவையும் நல்ல மையை உறிஞ்சி அடியில் இருக்கிற பஞ்சில் கொட்டும், அந்தப் பஞ்சு நிறைந்தால் மெஷின் மொத்தமாக நின்றுவிடும். அணைத்து ஆறப்போட்டேன். அப்புறம் ஹெட்டைக் கழற்றி, சுத்தம் பண்ணுகிற திரவத்தைத் துணியில் நனைத்து அதன்மேல் வைத்து ஊறவிட்டு, ஊசி போடுகிற சிரிஞ்சால் மெல்ல, ரொம்ப மெல்லத் தள்ளினேன். வேகமாகத் தள்ளினால் துளை கிழிந்துவிடும். ஒரு பக்கத் துளைகள் திறந்தன, இன்னொரு பக்கம் அசையவே இல்லை. பொழுது சாய்ந்துவிட்டது. ஹெட் மாற்றினால்தான் உண்டும்மா என்றேன். அவள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு, வெளியே ஏதோ ஒரு கடையில் அடித்துக்கொடுத்து அன்றைய மானத்தைக் காப்பாற்றிக்கொண்டாள்.

காலையில் நேரே ரகுராமன் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. ஹெட் மாற்ற வேண்டும், வாரன்டியில் போட வேண்டும், தப்பு நம்முடையது என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். உபயோகிக்காமல் விட்டது கஸ்டமர்தான் பிரதர், அப்படியே ரிப்போர்ட் கொடுங்க என்றார். அந்தம்மா வேண்டாம் என்று சொல்லியும் திறக்கச் சொன்னது யார் சார் என்றேன். நான் அப்படிச் சொல்லவே இல்லையே, ஆறுமுகம் அவசரப்பட்டிருக்கலாம், தேவைப்பட்டால் அவனை விசாரிப்போம் என்றார். நாலு வீடு ஓடி வேலை செய்தவன் தலையில் அலுங்காமல் கொண்டுபோய் வைக்கிறார்.

அந்த வருஷம் செங்கோட்டையில் எங்களுக்கு ஒரு புதுக் கிளை. கட்டடம் ஆனியிலேயே தயார். ஆனாலும் பூட்டியே வைத்திருந்து, அந்த வாரம்தான் ஹோமம் வளர்த்துத் திறந்திருந்தார்கள். தேதி குறித்தது ரகுராமன். அதைத்தான் கேட்டேன்.

"சார், உங்க கடையை ஆடியில திறக்க மாட்டிய. அவ மெஷினை மட்டும் ஆடியில திறக்கச் சொல்லுதியளோ? உங்க கடை கடை, அவ வீட்டுல இருக்கது என்ன குப்பைத் தொட்டியா?"

வெளியே ஷோரூமில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். டென்ஷன் ஆகாதீங்க பிரதர், ரிட்டயர்மென்ட் நேரத்தில் நல்லபடியாகப் போகணும் இல்லையா என்றார். மிரட்டலையும் அக்கறை மாதிரியே சொல்ல அவருக்குத் தெரியும். நான் ரிப்போர்ட் கொடுக்கவில்லை. நேரே கோமதிக்கு போன் பண்ணி, தெருவில் நின்று நான் கேட்ட உத்தரவு முதற்கொண்டு, குடோனில் இருந்த மூன்று லேசர் பெட்டி முதற்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, சரி அண்ணாச்சி என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கடை திறந்ததும் அவள் வந்துவிட்டாள். ஷோரூம் நடுவில் வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்காக ஒரு லேசர் மெஷின் கம்ப்யூட்டரோடு இருக்கும். அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பென் டிரைவைச் சொருகி, வக்கீலின் கட்டை அடிக்க ஆரம்பித்தாள். தாள்கூட அவளே கொண்டுவந்திருந்தாள். என்ன சிஸ்டர் இது என்றார் ரகுராமன். "நான் வாங்குன மெஷின் ஓடுத வரைக்கும் இங்கனதான் சார் என் ஆபீஸ்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்தாள். குடித்துவிட்டு அடித்தாள்.

ஆவணி, கல்யாண சீசன், வியாபாரம் சூடாக இருக்கிற நேரம். வருகிறவர்கள் இவள் மளமளவென்று அடிப்பதைப் பார்த்து, கடைக்காரப் பெண் என்று நினைத்து, எந்த மெஷின் நல்லது என்று இவளிடமே கேட்பார்கள். இவள் பொறுமையாகச் சொல்லுவாள். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் நீங்கள் சொல்லுகிற நாளுக்கு முன்னால் பெட்டியைத் திறக்க விடாதீர்கள் என்று. ஏன் என்று கேட்டால் தன் கதையையும் சொல்லுவாள். கட்டை வாங்க வக்கீலின் குமாஸ்தா அங்கேயே வருவார். ஒருநாள் வக்கீலே வந்துவிட்டார். கறுப்பு கோட்டைப் பார்த்த பிறகு அவளை எழுந்திரு என்று சொல்ல ரகுராமனுக்குத் தைரியம் வரவில்லை. நான் சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இதையெல்லாம் பார்த்தேன். எத்தனையோ வருஷ சர்வீசில் எனக்கு அவ்வளவு சந்தோஷமான வாரம் வாய்த்ததில்லை.

வாரம் முடிவதற்குள் அவர் இறங்கி வந்துவிட்டார். மேலிடத்தில் பேசி, மை மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக லேசர் தருவதாகச் சொன்னார். ஒரு முகூர்த்த நாள் பார்த்துத் தானே மேலகரத்துக்கு வந்தார். என்னையும் ஆறுமுகத்தையும் கூட்டிக்கொண்டு போனார். கோமதியும் அவரும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும், கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட வேண்டும் என்பது அவர் திட்டம். முதலில் மெஷின் ஓடட்டும் சார் என்றாள். நான் பெட்டியைத் திறந்து, டேப்பெல்லாம் பிரித்து, தூள் குப்பியைக் குலுக்கிப் போட்டு, லேப்டாப்போடு இணைத்துக் கொடுத்தேன்.

சோதனைத் தாள் அடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நானே அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்தாள். மெஷின் லேசாக உறுமி, முதல் தாளைத் தள்ளியது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. எழுத்தெல்லாம் கருகருவென்று வந்தது. அந்தத் தாள்களை அடுக்கித் தட்டி, பின் அடித்து, ஒரு பிரதியை ரகுராமன் கையில் கொடுத்தாள்.

நுகர்வோர் கோர்ட்டுக்கு மனு. எங்கள் ஷோரூமில் எங்கள் மெஷினிலேயே உட்கார்ந்து டைப் பண்ணியிருக்கிறாள், நாங்கள் வக்கீலின் கட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். லேசர் இல்லை என்று பொய் சொன்னது, வேண்டாம் என்று சொல்லியும் திறந்தது, வாரன்டி போய்விடும் என்று பயமுறுத்தியது எல்லாம் வரிசையாக இருந்தது. கேட்டிருந்தது ரெண்டுதான். கெட்டுப்போன வேலைக்கு நஷ்டஈடு. வாங்கியவர் சொல்லும் நாளுக்கு முன் எந்த வீட்டிலும் மெஷினைத் திறக்கக் கூடாதென்று ஒரு உத்தரவு.

"அதான் மெஷின் மாத்திக் குடுத்துட்டோமே சிஸ்டர்" என்றார். முதல் முறையாகக் கண்ணாடியைத் துடைக்க மறந்துவிட்டார்.

"எனக்கு மாத்திட்டிய சார். மத்த வீட்டுக்கு?" என்றாள் கோமதி.

அவர் பக்கத்தைப் புரட்டினார். திறக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லையே, ஆறுமுகம்தான் அவசரப்பட்டு என்று ஆரம்பித்தார். ஆறுமுகம் சுவரோரமாக நகர்ந்தான். கோமதி கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். சாட்சிகள் என்று போட்டு, முதல் சாட்சி இசக்கிமுத்து, சர்வீஸ் மெக்கானிக், தென்காசி என்று அடித்திருந்தது. இசக்கிமுத்து நான்தான். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் என் பக்கம் திரும்பவில்லை. லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரகுராமன் என்னைப் பார்த்தார். "பிரதர், இது உங்களுக்குத் தெரிஞ்சா போட்டிருக்காங்க? உங்க பேரை எடுக்கச் சொல்லுங்க" என்றார், அதே மெதுவான குரலில்.

நான் அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு வரி விடாமல் படித்தேன். படித்துவிட்டுக் கோமதியிடம் நீட்டினேன்.

"எங்க அப்பா பேரு விட்டுப்போச்சேம்மா. சுடலையாண்டி. சேத்து இன்னொரு தடவை அடி, கையெழுத்துப் போடுதேன்."